மனச்சோர்வுக்கு யோகா மட்டும் போதுமா, தெரபியும் வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஐந்தாறு மாதமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, மருத்துவர் பார்த்துவிட்டு நடுத்தர அளவு மனச்சோர்வு என்று சொல்லி உளவியல் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். யோகாவும் தெரபியும் ஒரே அளவு பலன் தருகின்றன என்று ஒரு பெரிய ஆய்வில் வந்திருப்பதாக நீங்கள் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் யோகா வகுப்பில் சேர்ந்துகொண்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து என் கதையைச் சொல்ல எனக்கு வராது." அந்த வரியைப் படித்த பிறகுதான் கேள்வி முழுசாகப் புரிந்தது. எது வலுவான சிகிச்சை என்பது ஒரு கேள்வி. யாரிடமும் பேசாமலே குணமாக வழி உண்டா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலில் என்னைப் பற்றி. மருத்துவ உளவியல் படித்தவன், பல ஆண்டுகளாக மனச்சோர்வு உள்ளவர்களோடு வேலை செய்கிறவன். யோகாவை ஒழுங்காகக் கற்றுப் பழகிவருகிறேன், ஆனால் ஆசிரியர் அல்ல. மருந்து எழுதும் தகுதியும் எனக்கு இல்லை. தெரபி என் தொழில் என்பதால் என் பக்கம் ஒரு சாய்வு இருக்கலாம், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் நோயின் அளவை நான் சொல்ல முடியாது, மருத்துவர் சொன்ன "நடுத்தரம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அந்த அளவில் என் பதில் இது: தெரபியை முதன்மையான சிகிச்சையாக வையுங்கள், யோகாவை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். யோகாவை மட்டும் நம்பி ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நீங்கள் படித்தது அநேகமாக 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வாக இருக்கும். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க 218 ஆய்வுகளை, 14,170 பேரின் தரவை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். நடைப்பயிற்சி அல்லது மெல்லோட்டத்துக்கு 0.62, யோகாவுக்கு 0.55, எடைப்பயிற்சிக்கு 0.49 என்று பலனின் அளவு வந்தது (எண் பெரிதாக இருந்தால் பலன் அதிகம்). எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற தெரபிக்கும் அதே 0.55. இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதைத்தான் செய்திகளில் "யோகா, தெரபிக்குச் சமம்" என்று எழுதிவிட்டார்கள். எண் சரிதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரமானது.

அந்தத் தொகுப்பு உடற்பயிற்சியை ஆராய்ந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஏதாவது ஒரு உடற்பயிற்சியோடு ஒரே ஆய்வில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டிருந்தால்தான் சிபிடி அதற்குள் வந்தது. அப்படி வந்தவர்கள் 712 பேர். யோகாவில் 1,047 பேர். சிபிடியை மனச்சோர்வுக்குச் சோதித்த மற்ற ஆய்வுகள் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அவற்றை 2023-இல் பிம் கைபர்ஸ் என்ற நெதர்லாந்து உளவியலாளரின் குழு தனியாகத் தொகுத்தது: 409 ஆய்வுகள், 52,702 பேர். ஒரு பக்கம் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்த அனுபவம், மறுபக்கம் சுமார் ஆயிரம் பேர். சராசரி ஒன்றாகவே இருந்தாலும் அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது ஒன்றல்ல. 2024 தொகுப்பை எழுதியவர்களே இதை மறைக்கவில்லை. நடைப்பயிற்சிக்கான முடிவின் நம்பகத்தன்மை "குறைவு" என்றும், மற்ற சிகிச்சைகளுக்கு "மிகக் குறைவு" என்றும் சுருக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த வரி செய்தியில் வரவில்லை.

இந்தத் துறை ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைச் சோதிக்கும்போது ஒரு பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். யோகாவிலும் தெரபியிலும் அது நடக்காது, தான் எதைச் செய்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். எதிர்பார்ப்பே ஓரளவு பலனைக் கொடுத்துவிடும். அப்புறம், யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். காத்திருப்போர் பட்டியலில் போட்டு "உங்கள் முறை வரும், பொறுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சையும் பெரிதாகத் தெரியும். அதே நேரம், அதே கவனிப்பு, அதே குழுச் சூழல் கொண்ட வேறொரு வகுப்போடு ஒப்பிட்டால் பலன் சுருங்கும். யோகா ஆய்வுகளைப் படிக்கும்போது இதைத்தான் முதலில் தேடுவேன். தெரபி ஆய்வுகளிலும் இந்தக் குறை உண்டு, எண்கள் கொஞ்சம் ஊதிப்போயிருக்கின்றன என்பதைத் துறைக்குள் இருப்பவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

சரி, தெரபியில் உறுதியாகத் தெரிந்தது என்ன? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் பென்சில்வேனியாவில் சிபிடி முறையை உருவாக்கினார். மனச்சோர்வில் இருப்பவர்களின் எண்ணங்கள் ஒரே திசையில் சாய்வதை அவர் கவனித்தார். "நான் உதவாதவன், உலகம் இரக்கமற்றது, இனியும் எதுவும் மாறாது" என்று மூன்று பக்கமும் இருட்டாகத் தெரியும். 1977-இல் முதல்முறையாக ஒரு மனச்சோர்வு மருந்தோடு நேருக்கு நேர் வைத்துச் சோதித்ததில் தெரபி தாக்குப்பிடித்தது. அதன்பின் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ கைகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டுவிட்டது. தெரபி மந்திரமும் இல்லை. பல வகைத் தெரபிகளையும் ஒன்றாக எடுத்துப் பார்த்த 2021 தொகுப்பில், சுமார் இரண்டு மாதத்தில் அறிகுறிகள் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் 41 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். அதாவது முதல் சுற்றில் பாதிப் பேருக்கு மேல் அந்த அளவு தேறவில்லை. தெரபிக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் தேறாதவர் அதையும் தன் குற்றம் என்று சுமப்பார்.

தெரபிக்கு நான் கூடுதல் எடை கொடுப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. மனச்சோர்வு திரும்ப வரும் நோய். ஒருமுறை தேறுவதைவிடத் தேறியபின் நிலைத்திருப்பதுதான் கடினம். 2005-இல் ஸ்டீவன் ஹாலன் குழு வெளியிட்ட ஆய்வில், மருந்தால் தேறி, பிறகு மருந்தை நிறுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். சிபிடியால் தேறி அதை முடித்துக்கொண்டவர்களில் 31 சதவீதம். சிகிச்சை முடிந்தபின்னும் அதன் பலன் கூடவே வந்தது என்று அர்த்தம். அங்கே கற்றுக்கொண்டது கையில் தங்கிவிடுகிறது. யோகாவுக்கு இப்படி நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்த வலுவான ஆதாரம் இன்னும் சேரவில்லை.

இனி யோகா. "அதெல்லாம் சும்மா மனத்திருப்தி" என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2013-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 12 ஆய்வுகளை, 619 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் யோகா மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நடுத்தர அளவு ஆதாரம் கிடைத்தது. மற்ற உடற்பயிற்சிகளையும் தளர்வுப் பயிற்சிகளையும்விட மேலானது என்பதற்கு ஆதாரம் குறைவாகவே இருந்தது. எனக்கு அதிகம் பிடித்தது 2017-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு. மருந்து சாப்பிட்டும் முழுசாகத் தேறாத 122 பேரில் ஒரு பகுதியினரை யோகா வகுப்பிலும், மற்றவர்களை நலவாழ்வுக் கல்வி வகுப்பிலும் பத்து வாரம் சேர்த்தார்கள். வெறும் காத்திருப்போடு ஒப்பிடாமல் இன்னொரு வகுப்போடு ஒப்பிட்டதால் இது நேர்மையான சோதனை. பத்தாவது வாரத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது யோகா குழுவில் 51 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், மற்றதில் 31 சதவீதம். மெதுவாக வந்த பலன், அதுவும் மருந்தோடு சேர்ந்து வந்தது. இன்னொரு பக்கம், நெதர்லாந்தில் மனச்சோர்வுள்ள இளம்பெண்கள் 171 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு யோகாவைச் சேர்த்துப் பார்த்ததில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டுமே ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள். முடிவு இரண்டு விதமாக வருகிறதென்றால், யாருக்கு உதவுகிறது, யாருக்கு இல்லை என்பது இன்னும் தெளியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடுமையான மனச்சோர்வுக்கும் யோகா உதவும் என்று சொல்பவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வைக் காட்டுவார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்று சம குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை, ஒன்றுக்கு இமிப்ரமின் மருந்து, ஒன்றுக்கு சுதர்சன கிரியா மூச்சுப்பயிற்சி கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் நோய் தணிந்தவர்கள் முறையே 93, 73, 67 சதவீதம். மருந்துக்கு அருகில் ஒரு மூச்சுப்பயிற்சி வந்தது உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் குழுவுக்குப் பதினைந்து பேர்தான். மருத்துவமனைக்குள், பயிற்சி பெற்றவர்களின் நேரடிப் பார்வையில், நோய் கூடினால் உடனே மாற்றுச் சிகிச்சை தரத் தயாராக இருந்த சூழலில் நடந்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் தனியாக மூச்சுப்பயிற்சி செய்தால் மருந்துக்குச் சமம் என்று யாரும் சொல்லக்கூடாது.

யோகாவையும் தெரபியையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வு உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். மனச்சோர்வுக்கு அப்படிப்பட்ட பெரிய ஆய்வை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. மிக அருகில் வருவது பதற்ற நோய்க்காகச் செய்யப்பட்ட ஒன்று. 226 பேரை குண்டலினி யோகா, சிபிடி, மனஅழுத்தம் பற்றிய கல்வி என்று மூன்றாகப் பிரித்தார்கள். தேறியவர்கள் சிபிடியில் 71 சதவீதம், யோகாவில் 54, கல்வி வகுப்பில் 33. யோகா கல்வி வகுப்பைவிட மேல், ஆனால் சிபிடிக்கு நிகர் என்று சொல்லும் அளவுக்கு வரவில்லை. ஆறு மாதம் கழித்து, கல்வி வகுப்பைவிட மேலாக நின்றது சிபிடி மட்டும்தான். பதற்ற நோயில் கிடைத்த முடிவை மனச்சோர்வுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பதற்றமும் மனச்சோர்வும் பெரும்பாலும் ஜோடியாக வருபவை, ஒரே மாதிரித் தெரபிக்குத் தேறுபவை. அதனால் இந்த முடிவுக்கு நான் ஓரளவு எடை கொடுக்கிறேன்.

இரண்டும் மனச்சோர்வின் எந்த இடத்தைத் தொடுகின்றன என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஒரு சின்ன உதாரணம். நண்பருக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள், மாலைவரை பதில் இல்லை. மனச்சோர்வில் இருக்கும் மனம் "என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை" என்று உடனே முடிவு கட்டிவிடும். அந்த முடிவு ஒரு எண்ணமாகத் தெரியாது, நடந்த உண்மையாகவே தெரியும். நெஞ்சு கனக்கும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வீர்கள், இரவில் தூக்கம் வராது, மறுநாள் அந்த நண்பரைத் தவிர்ப்பீர்கள். அவரும் கொஞ்சம் விலகுவார். இப்போது உங்கள் எண்ணத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. தெரபியில் செய்வது இந்தச் சங்கிலியை ஒரு தாளில் எழுதுவது: என்ன நடந்தது, அந்தக் கணத்தில் என்ன எண்ணம் ஓடியது, அதை எத்தனை சதவீதம் நம்பினேன், அதற்குச் சாதகமாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது, நான் அடுத்துச் செய்தது என்ன. அப்புறம் அதைச் சோதித்துப் பார்க்கவும் சொல்வோம், நண்பரை நேரில் கேட்பது உட்பட. பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தபின், எண்ணம் எழும்போதே "இது அந்தப் பழைய முடிவு" என்று அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். யோகா இந்த வேலையைச் செய்வதில்லை. அந்த எண்ணத்தால் உடம்பில் ஏறிய இறுக்கத்தைத் தளர்த்துகிறது, மூச்சை நிதானப்படுத்துகிறது, தூக்கத்துக்கு உதவுகிறது, படுக்கையை விட்டு எழுந்து ஒரு இடத்துக்குப் போக ஒரு காரணம் கொடுக்கிறது. இவையெல்லாம் பெரிய உதவி. உடம்பு கொஞ்சம் தெம்பானால்தான் தாளில் எழுதவே கை வரும் என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். யோகா மூளையில் எதை மாற்றுகிறது என்பதற்கு காபா என்ற மூளை வேதிப்பொருள், கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன், மூளையை உள்ளுறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பு என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அவை சிறிய ஆய்வுகளிலிருந்து எழுந்த ஊகங்கள், நிறுவப்பட்டவை அல்ல. "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டும் சந்திக்கும் ஒரு இடமும் இருக்கிறது. எம்பிசிடி என்று ஒரு எட்டு வாரக் குழுப் பயிற்சி உண்டு. மூச்சைக் கவனிப்பது, மெதுவான உடலசைவுகள், தியானம் ஆகியவற்றோடு தெரபியின் பகுதிகளையும் சேர்த்துச் செய்தது அது. ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு, மீண்டும் வராமல் தடுப்பதில் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்களுக்கு இது முதல் முறை என்றும், இப்போது நோய் நடப்பில் இருக்கிறது என்றும் எழுதியிருப்பதால் இன்றைக்கு அது பொருந்தாது. தேறியபின் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. தெரபி என்றால் சிறுவயதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டவேண்டும், அழவேண்டும், ரகசியங்களைச் சொல்லவேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் ஏராளம். மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட தெரபிகளில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. நடத்தைத் தூண்டல் என்று ஒரு முறை இருக்கிறது, தயங்குகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு வாரத்தின் மணிநேரங்களைக் கட்டம்போட்ட தாளில், ஒவ்வொரு மணியிலும் என்ன செய்தேன், அப்போது மனநிலை பத்துக்கு எவ்வளவு என்று மட்டும் குறிக்கச் சொல்வேன். அடுத்த வாரம் அந்தத் தாளை வைத்துத்தான் பேச்சு. ஞாயிறு முழுக்கப் படுக்கையில் இருந்தபோது இரண்டு, சாயங்காலம் துணிகளை மடித்து வைத்தபோது நான்கு, அண்ணனோடு பத்து நிமிடம் பேசியபோது ஐந்து. மனசு சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, சின்ன வேலையை முதலில் செய்து மனசைப் பின்னால் வரவைக்கிற முறை இது. 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, இந்த ஒரு பகுதியே முழுச் சிபிடி அளவுக்கு வேலை செய்தது. 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், தெரபியில் தொழில்முறைப் பயிற்சி பெறாத இளநிலை மனநலப் பணியாளர்கள் இதைக் கொடுத்தபோதும் தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த சிபிடிக்குக் குறைவாக இல்லை. உங்கள் கதையைச் சொல்லாமலே இதில் பாதித் தூரம் போய்விடலாம். யோகா வகுப்பும் அந்தக் கட்டத்தாளில் ஒரு கட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், பேச வராது என்கிற உணர்வையே மனச்சோர்வு கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது, சொன்னாலும் புரியாது, சொன்னால் கேவலமாக நினைப்பார்கள் என்பவை இந்த நோயில் அடிக்கடி கேட்கிற வரிகள். உங்கள் தயக்கம் முழுவதும் நோயால் வந்தது என்று சொல்லவில்லை. இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவராக இருக்கலாம், முன்பு யாரிடமோ சொல்லிப் புண்பட்டிருக்கலாம். முதல் சந்திப்பில் "எனக்கு என் வாழ்க்கையைப் பற்றிப் பேச விருப்பமில்லை, வேலைகளையும் பழக்கங்களையும் வைத்து ஆரம்பிக்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல சிகிச்சையாளர் சரி என்பார். வற்புறுத்தித் தோண்டுகிறவர் என்றால் இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு ஆளை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. சிகிச்சையாளருக்கும் உங்களுக்கும் இடையில் ஒத்துப்போகிறதா என்பது, எந்த வகைத் தெரபி என்பதற்கு இணையாகவே முடிவைத் தீர்மானிக்கிறது.

யோகாவை மட்டும் முதலில் முயன்று பார்க்கலாம் என்று நானே சொல்கிற சூழ்நிலையும் உண்டு. அறிகுறிகள் லேசானவை, வேலைக்கும் வீட்டுக்கும் பெரிய பாதிப்பு இல்லை, தற்கொலை எண்ணம் இல்லை, முன்பு மோசமான மனச்சோர்வு வந்ததில்லை என்றால், ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் ஆறு முதல் எட்டு வாரம் யோகாவோ வேகநடையோ செய்துபார்ப்பது நியாயமான முடிவுதான். கனடாவின் 2016 மருத்துவ வழிகாட்டி யோகாவை லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு மற்றச் சிகிச்சையோடு சேர்த்துத் தரக்கூடிய இரண்டாம் நிலைத் தெரிவாக வைத்திருந்தது. பிரிட்டனின் 2022 வழிகாட்டி, கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் தனிநபர் சிபிடியும் சேர்ந்ததை முன்னால் வைக்கிறது. உங்கள் நிலை ஐந்தாறு மாதமாக நீடிக்கிறது, தூக்கமும் போய்விட்டது என்பதால் லேசானது என்ற வகையில் உங்களைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்போ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ, அதற்கான வழியை யோசிப்பதோ இருந்தால், யோகாவா தெரபியா என்ற கேள்வியை அப்படியே ஒதுக்கிவிட்டு இன்றைக்கே நெருக்கமான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள். சாப்பாடு, தண்ணீர் எடுக்க முடியாத நிலை, காதில் குரல் கேட்பது போன்றவையும் அதே அவசரம்தான். இன்னொன்று: எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தைக் கண்டபடி செலவழித்து, ஓயாமல் பேசிக்கொண்டு இருந்தது உண்டா? உண்டென்றால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம், மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு வேகமான மூச்சுப்பயிற்சிகள் மனஎழுச்சியைக் கிளப்பிவிட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

யோகாவைச் சேர்த்துக்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மனச்சோர்வில் இருப்பவரைக் கண்ணை மூடி நீண்ட நேரம் அசையாமல் படுக்கவைத்தால், அமைதிக்குப் பதிலாகப் பழைய எண்ணங்களே சுழல ஆரம்பிக்கும். சவாசனத்தில் அழுகை வந்துவிடுகிறது, எனக்கு யோகா ஒத்துவரவில்லை என்று சொன்னவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். தொடக்கத்தில் நின்று செய்கிற ஆசனங்கள், சூரிய நமஸ்காரம் மாதிரி மூச்சோடு சேர்ந்து ஓடுகிற அசைவுகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். கடைசிப் படுக்கையை மூன்று நான்கு நிமிடமாகச் சுருக்கி, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே இருங்கள். மூச்சுப்பயிற்சியில் உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக வைப்பது போதும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமானவையும் மூச்சை அடக்கிவைப்பதும் படபடப்பு உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவற்றை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். முடிந்தால் வீடியோ பார்த்துத் தனியாகச் செய்யாமல் வகுப்புக்குப் போங்கள். நாலு பேரோடு ஒரே நேரத்துக்கு ஓரிடத்தில் இருப்பதும் மருந்தின் ஒரு பகுதிதான். ஆசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை, தூக்கம் சரியில்லை, மெதுவாக ஆரம்பிக்கிறேன் என்று சொன்னால் போதும். "மாத்திரையை நிறுத்திவிடுங்கள், ஆசனமே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிற ஆசிரியரிடமிருந்து மட்டும் விலகிவிடுங்கள். மருந்தை நிறுத்துவது மருத்துவரோடு பேசி, படிப்படியாகச் செய்யவேண்டிய காரியம்.

தெரபி எத்தனை நாள் என்றால், சிபிடியோ நடத்தைத் தூண்டலோ பொதுவாக வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முதல் இருபது சந்திப்புகள். தொடங்கும் நாளன்றே பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பி மதிப்பெண்ணைக் குறித்துவையுங்கள். பூஜ்யம் முதல் 27 வரை போகும், பத்திலிருந்து நடுத்தரம், இருபதிலிருந்து கடுமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப நிரப்புங்கள். மனச்சோர்வு இருக்கும்போது "ஒன்றும் மாறவில்லை" என்றே தோன்றும், தாளில் பார்த்தால் பதினாறு பதினொன்றாகியிருக்கும். ஐந்து மதிப்பெண் குறைவது உண்மையான முன்னேற்றம். ஆறு முதல் எட்டு வாரத்தில் அந்த அளவு இறங்கவில்லை என்றால், சிகிச்சையாளரிடம் அதைக் காட்டி முறையை மாற்றச் சொல்லுங்கள். உங்களை அனுப்பிய மருத்துவரிடமும் திரும்பப் போய் மருந்து சேர்ப்பது பற்றிக் கேளுங்கள். தைராய்டு, இரத்தசோகை, பி12 பரிசோதனைகள் இதுவரை செய்திருக்காவிட்டால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்துவிடுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் சோர்வும் பிடிப்பின்மையும் இதேபோல் வரும், அதைச் சரிசெய்யாமல் ஆசனமும் பேச்சும் எவ்வளவு செய்தாலும் அரைகுறையாகவே நிற்கும்.